இரண்டு பெருவிரல் வைத்த கையுறை

தொண்ணூறுகளில், ஊரைவிட்டு வெளிநாட்டுக்கு வந்த புதிதில், நாங்கள் வோபர்ன் பகுதியில் ஒரு அப்பார்ட்மென்டின் ஏழாம் மாடியில் இருந்தோம். நகரத்து பேஸ்போல் அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் கிண்ணம் வென்ற சந்தோசப் புளுகம் அங்கே ஒருவருக்கும் அடங்காமல் இருந்த காலம். என் கணவருக்கு அது அறவே அடங்கவில்லை. ஊரில் கிரிக்கெட் பந்தைத் தவிர வேறு பந்தைத் தொட்டறியாத மனிதர், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே ரீவியைப் போட்டுவிடுவார். எனக்கு அந்த விளையாட்டில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆட்டக்காரர் விளையாடுகிற நேரத்தைவிட எச்சில் துப்புகிற நேரம்தான் கூட என்று சொல்லி அவரைச் சீண்டுவேன். ஆனாலும் அந்தப் பின்னேரங்களை நினைத்தால் இப்போதும் ஏங்குகிறது. ரீவியில் கூட்டம் ஆர்ப்பரிக்கிற சத்தம் கேட்டால், வெங்காயம் வதங்குகிற மணம் தானாகவே மூக்குக்கு வந்துவிடும்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. இடக்கைக்காரி. பென்சில் பிடிப்பதும் அந்தக் கைதான், சோறு குழைப்பதும் அந்தக் கைதான். ஒருநாள் கோயிலில் ஐயர் தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தபோது இடக்கையை நீட்டினாள். ஐயர் கரண்டியைச் சரிக்காமல் அப்படியே நின்றார். பின்னால் நின்ற ஒரு அன்ரி, “பிள்ளைக்கு ஒண்டும் பழக்கேல்லைப் போல” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார். என் முகம் கறுத்துப்போனது.

பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை நான் மகளோடு கதைக்கவில்லை. அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். சாப்பிடும்போது இடக்கை தொடைக்குக் கீழே இருக்க வேண்டும். அதன்மேல் ஏறி இருந்துகொண்டு வலக்கையால்தான் சாப்பிட வேண்டும். அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை, எவ்வளவு நல்ல தாய் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

“அவளின்ர கையிலை உமக்கென்னப்பா கோவம்?” என்று கணவர் கேட்டார்.

“சனத்துக்குப் பதில் சொல்லுறது நானெல்லோ” என்றேன். அவர் ரீவிப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஒரு கிழமையில் மகள் நான் சொல்லாமலே கையைக் கீழே வைக்கப் பழகிவிட்டாள். சோறு பாதி வாய்க்கும் பாதி மடிக்கும் போனது. முன்பெல்லாம் சாப்பாட்டு மேசையில் வாய் ஓயாமல் அலட்டுகிறவள், இப்போது தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். அடக்கமாகச் சாப்பிடப் பழகுகிறாள் என்று எனக்கு அதிலும் பெருமைதான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு செப்டெம்பர் கடைசியில் ஒரு பின்னேரம், நான் குழம்பு கிண்டிக்கொண்டு நின்றேன். “இஞ்ச ஓடி வாரும்! ஒருத்தன் ரெண்டு கையாலையும் எறியிறான்!” என்று கணவர் கத்தினார்.

அகப்பையோடு ஓடினேன். நடந்து முடிந்த ஒரு ஆட்டத்தை விளையாட்டுச் செய்தியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். வலக்கையால் எறிந்துகொண்டிருந்தவர், இடக்கைக்காரர் ஒருவர் மட்டையோடு வந்ததும், இடக்கையில் போட்டிருந்த, பந்து பிடிக்கிற கையுறையைக் கழற்றி வலக்கையில் மாட்டிக்கொண்டு இடக்கையால் எறிந்தார். அந்த ஆளுக்கு எறிந்த பந்து குறி தவறிக் கண்டபாட்டுக்குப் போனது. அடுத்து வந்தவரும் இடக்கைக்காரர்தான். அவரை ஆட்டமிழக்கச் செய்துவிட்டார். பிறகு ஒன்றுமே நடவாதது போலத் திரும்பவும் வலக்கை. அந்தக் கையுறையையும் கிட்டக் காட்டினார்கள். அதற்கு ஆறு விரல். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பெருவிரல்.

“இடக்கையாலை அடிக்கிறவனுக்கு வலக்கையாலை எறிஞ்சா அவனுக்குச் சுகம். அதுதான் கையை மாத்திறான்” என்று கணவர் விளக்கினார். “கன வருசமா உப்பிடி எறிய ஆசைப்பட்டவனாம். ஒருத்தரும் விடேல்லையாம். வயசு போன நேரத்திலைதான் விட்டிருக்கினம்.”

“ஏன் விடேல்லை?”

“ஆர் கண்டது? பாக்கிற ஆக்கள் என்ன சொல்லுவினமோ எண்டு பயந்திருப்பினம்.” அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. கண் முழுவதும் ரீவியில்தான் இருந்தது.

கார்ப்பெட்டில் இருந்த மகள் கேட்டாள்: “அப்பா, அவருக்கு அம்மா இல்லையோ?”

கணவர் சிரித்தார். “ஏன் பிள்ளை அப்பிடிக் கேக்கிறாய்?”

“இருந்தா அந்தக் கையை விட்டிருக்க மாட்டா.”

முறைப்பாடாக அவள் அதைச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பது போலத்தான் சொன்னாள். கணவரின் சிரிப்பு நின்றது. என் அகப்பையிலிருந்து குழம்பு கார்ப்பெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது எங்கள் சாப்பாட்டு மேசைக்கு இருந்தவை, யாரோ கழித்துவிட்ட பிரம்புப் பின்னல் கதிரைகள். கட்டடத்தின் குப்பை அறையிலிருந்து தூக்கி வந்து துடைத்து வைத்திருந்தோம். சாப்பிட வந்த மகள் வழமைபோலக் கையை வைத்து அதன்மேல் ஏறி இருந்தாள்.

“கையை எடு பிள்ளை” என்றேன்.

அவள் பயந்துபோய் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். “வைச்சுத்தானே இருக்கிறன், அம்மா.”

“இல்லையம்மா, வெளியிலை எடு. விருப்பமான கையாலை சாப்பிடு.”

தகப்பனை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். உள்ளங்கை முழுவதும் பிரம்புப் பின்னல் கட்டம் கட்டமாகப் பதிந்து கிடந்தது. விரல்கள் விறைத்துப்போய் ஒரு பருக்கையைக்கூடப் பிடிக்கவில்லை. அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தேன். இவ்வளவு நாளும் நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, அழுதேன். விரல்கள் சரியானதும் அவள் வலக்கையாலேயே சாப்பிட்டாள். சாப்பிடுவது வலக்கைக்கு அதற்குள் பழகிவிட்டது.

மகளுக்கு இப்போது அன்றைய என் வயதைவிடக் கூட. றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறாள். இடக்கையால் எழுதுகிறாள், இடக்கையால் பந்து எறிகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, தகப்பனோடு பேஸ்போல் பற்றி வாய் ஓயாமல் வாதாடிக்கொண்டு என் சமையலை ரசித்துச் சாப்பிடுவாள். அந்த நேரத்தில் அவளுடைய இடக்கை அவளுக்கே தெரியாமல் மெல்ல நழுவித் தொடைக்குக் கீழே போய்விடும்.

“கையை எடு பிள்ளை” என்பேன்.

“எந்தக் கையம்மா?” என்று கேட்டுக்கொண்டே வலக்கையால் அடுத்த வாய்ச் சோற்றைக் குழைப்பாள்.