உறங்கியவனுக்குத் தந்த வாக்கு

பச்சமுத்து நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டர். குடித்துக் குடித்து ஈரல் வீங்கிக் கிடந்த காலத்தில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய், அன்றோடு குடியை விட்டவர். அதன்பின் அவர் பற்றிக்கொண்டது கர்த்தரையா கட்டளையையா என்று கேட்டால் அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. முதலாளி கெஞ்சினாலும் ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் ராடைத் தொட மாட்டார். வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூட இறங்காது. கோயிலில் படைத்த பொங்கலைத் தெரியாமல் தின்றுவிட்ட மகள் சித்ராவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தார்.

போன ஐப்பசியில் பட்டறையிலேயே விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது.

கட்டிலில் கிடந்தவரை அரித்தது வலியல்ல. முழங்கால் போட முடியவில்லை. மனதுக்குள் பத்துக் கட்டளைகளைச் சொல்லத் தொடங்கினால் நாலாவதுக்கு மேல் ஓடவில்லை. மனைவி மாரியாயி ஊட்டும் கஞ்சியை விழுங்கிய பின்தான் அன்று வெள்ளிக்கிழமை என்பது உறைக்கும். தன் பக்கத்தைத் தான் இறுகப் பிடித்திருப்பதால்தான் கர்த்தரும் பிடித்திருக்கிறார் என்று நம்பி வாழ்ந்தவர். இப்போது தன் பிடி விட்டுவிட்டது. கர்த்தரும் விட்டிருப்பார்.

மார்கழியில் ஒரு மதியம் சபைப் போதகர் தமிழரசு வந்தார். பச்சமுத்துவின் கண்ணில் இருந்த பயம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கட்டிலோரம் உட்கார்ந்து ஆபிரகாமின் கதையை எடுத்தார்.

"அந்தக் காலத்துல ரெண்டு பேர் உடன்படிக்கை பண்ணுனா, ஆடு மாட்டை ரெண்டா வெட்டிப் போட்டு நடுவுல நடப்பாங்கண்ணா. வாக்கு மீறுனா எனக்கும் இந்தக் கதிதான்னு அர்த்தம். ஆனா ஆபிரகாம் நடக்கலீங்க. அசந்து தூங்கிட்டாரு. கர்த்தர் மட்டும் தீயா அந்த நடுவுல போனாரு. கட்டளையெல்லாம் அதுக்கப்புறம் நானூறு வருசம் கழிச்சுத்தான் வந்துச்சு. வாக்குதான் முந்திங்கண்ணா. நம்பறது ஒண்ணுதான் நம்ம வேலை."

பச்சமுத்துவின் கண்கள் வழிந்தன. ஆறுதல் கிடைத்தது என்று நினைத்துத் தமிழரசு ஜெபித்துவிட்டுப் போனார்.

ஆறுதல் கிடைக்கவில்லை. வாக்கு சும்மா தந்தது என்றால், தான் மாரியாயியை வதைத்தது எதற்கு? ராசிபுரம் பக்கம் அவள் பிறந்த ஊரில் மாரியம்மன் பண்டிகை. கல்யாணமான புதிதில் வருடந்தோறும் போய்வந்தவளைப் போகக் கூடாது என்று நிறுத்தியவர் அவர். அவளுடைய அம்மா கடைசியாக ஆசைப்பட்டு அழைத்த வருடமும் விடவில்லை. அடுத்த பண்டிகைக்கு அந்த அம்மா இல்லை. மாரியாயி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று மாலை அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, "மா... மா..." என்றார்.

"தண்ணியா சாமி?" என்று டம்ளரை எடுத்து வந்தாள்.

தை கழிந்தது. மாரியாயியின் அண்ணன் பெரியசாமி பைக்கில் வந்து, "இந்த வருசமாச்சும் பண்டிகைக்கு வந்துட்டுப் போ, மாரியாயி. சித்ரா ஒரு நாளைக்குப் பாத்துக்கமாட்டாளா?" என்று கேட்டார்.

"அவரு ஒத்துக்க மாட்டாருங்கண்ணா."

கட்டிலில் கிடந்த பச்சமுத்துவுக்கு எல்லாம் கேட்டது. இடது கையை முழுப் பலத்தோடு தூக்கி வாசலைக் காட்டினார். மாரியாயியைப் பார்த்து, போ, போ என்று விரல்களை அசைத்தார். தொண்டையிலிருந்து உறுமல்தான் வந்தது.

பெரியசாமியின் முகம் சுருங்கியது. "இந்த நெலைமையிலயும் என்னை வெளிய போகச் சொல்றாரு பாரு" என்று எழுந்துவிட்டார். மாரியாயி அவர் பின்னாலேயே ஓடி, கோவித்துக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சினாள். பைக் கிளம்பிப் போனது.

திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"அனுப்பிட்டேனுங்க. நானும் போகலீங்க. நீங்க வெசனப்படாதீங்க."

அவர் மறுபடி கையைத் தூக்கினார். அவள் அதைப் பிடித்து மெல்ல மடக்கிப் போர்வைக்குள் வைத்தாள்.