நேஷனாலிட்டி உள்ள பெண்

மடித்துப் பிரித்த வெள்ளைத் தாளில் நீல மை இரண்டு பக்கமும் ஒரேபோல் பரவியிருந்தது. அதை மீன்காரம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, "இதப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது, சொல்லுங்க" என்றாள் அக்கா. கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூடை சுமந்து வரும் அந்த அம்மாள் தாளை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "திருக்கை. வாலு அறுந்துபோன திருக்கை. இத எங்க வாங்கினீங்க பாப்பா? நல்லா ஏமாத்திட்டாங்க" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் நான் கிணற்றடிக்கு ஓடிவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, "வேற ஏதாச்சும் தெரியுதா?" என்று அடுத்ததைக் கேட்டாள். வாளை மீன் வேண்டுமா வேண்டாமா என்று மீன்காரம்மா திருப்பிக் கேட்டார்.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை, பெரியப்பாவின் ஒரே மகள். காரைக்காலில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, முன்கட்டில் பெரியப்பா குடும்பமும் பின்கட்டில் நாங்களும் இருந்தோம். கிணறு மட்டும் பொது. எழுபதுகளின் நடுவில் அக்கா மெட்ராஸில் உளவியல் எம்.ஏ. முடித்துவிட்டு ஊருக்கு வந்தாள். எம்.ஏ. மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு முன்னால் உட்கார வேண்டுமானால், பெங்களூரில் ஒரு பெரிய மனநல மருத்துவமனையில் இரண்டு வருடம் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். நாடு முழுவதற்கும் சேர்த்துக் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய இடங்கள். அதற்கு ஒரு எழுத்துப் பரீட்சை, அதில் தேறினால் நேர்முகத் தேர்வு. இப்படி ஒரு வேலை இருப்பதே எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. "மனசப் படிக்கிறதுன்னா, ஜோசியம் மாதிரியா?" என்று என் அப்பா கேட்டார். அக்கா கோபித்துக்கொண்டு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அவளுக்கு இந்த ஆசை வந்தது பெரியம்மாவால். நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது பெரியம்மாவுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து சில நாட்களில் இறந்துபோனது. அதோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். சமைப்பார், துவைப்பார், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. மந்திரித்த எண்ணெய் வந்தது, தாயத்து வந்தது, பேய்தான் என்று அடித்துச் சொல்ல உறவுக்காரர்கள் வந்தார்கள். கடைசியில் பெரியப்பா தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண்மணி தினமும் பெரியம்மாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாராம். ஏதோ கொஞ்சம் கேட்பாராம், பிறகு காத்திருப்பாராம். பல வாரங்கள் கழித்து ஒருநாள் பெரியம்மா, "தண்ணி குடுங்க" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா என்னிடம் வந்து சொன்னாள்: "ஊசி போடலடி, ஒண்ணும் பண்ணல. எதிர்ல உக்காந்திருந்தாங்க, அவ்ளோதான். நான் அதத்தான் படிக்கப் போறேன்." அம்மாவுக்கு மறுபடி அப்படி வந்தால் தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் மனதில் இருந்தது. அதை அவள் வெளியே சொன்னதில்லை, சொல்லவும் தேவையில்லை.

அதனால் அவள் படித்த படிப்பு வீட்டில் எல்லோரையும் பாடாய்ப் படுத்தியது. சோதனைக் கட்டைகள் விலைக்கு வாங்கக் கிடைக்காது என்று கோட்டுச்சேரி ஆசாரியிடம் சொல்லிச் சதுரக் கட்டைகள் அறுத்து வாங்கி, சில பக்கம் சிவப்பும் சில பக்கம் வெள்ளையும் அடித்தாள். அவள் காட்டும் படத்தைப்போல் அவற்றை அடுக்க வேண்டும், அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது வந்து எண்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, "திருப்பிப் பின்னாலேர்ந்து சொல்லு" என்பாள். நான் தப்பாகச் சொன்னால் முகத்தில் எதையும் காட்ட மாட்டாள். சோதிக்கிறவர் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாதாம், அதுவும் பயிற்சிதானாம். கோயில் பாட்டுக் குழுவிலிருந்து பால்காரர் வரை அவளிடம் மாட்டாதவர்கள் கிடையாது. முதல் வருடம் எழுதிய பரீட்சையில் புள்ளியியல் காலை வாரிவிட்டது. அடுத்த வருடம் அந்தக் கணக்குகளைத்தான் காலையும் மாலையும் போட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிவிடுவார். பேசுகிற பெரியம்மா, அப்போது நன்றாகவே பேசினார்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாமில் சைகோன் வரை போய் வந்தவர், பென்ஷன் வாங்குகிறவர். அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரர், சும்மா இருந்தால் இந்தியர். பெரியப்பா முதல் ஆளாகப் போய் எழுதிக் கொடுத்தார். சிறு பிள்ளைகளுக்கும் அப்பாவின் குடியுரிமைதான் என்பதால் அக்காவும் பிரெஞ்சுக்காரியானாள். என் அப்பா சோம்பேறித்தனத்தால் இந்தியரானவர். இப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாடும் இந்தப் பக்கம் ஒரு நாடுமாக இருந்தோம், தண்ணீர் மட்டும் ஒரே கிணற்றில். எங்களைப் பொறுத்தவரை அது பென்ஷன் சமாச்சாரம். ஜூலை பதினாலாந்தேதி பிரெஞ்சு தேசிய நாளுக்குப் பெரியப்பா கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு போவார், மற்ற நாளெல்லாம் எங்களைப்போலவே சோறும் மீன்குழம்பும் சாப்பிடுவார்.

கல்யாணச் சந்தையில் மட்டும் அது வேறு விஷயம். "பொண்ணுக்கு நேஷனாலிட்டி இருக்கா?" என்பதுதான் எங்கள் ஊரில் முதல் கேள்வி. நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டால் மாப்பிள்ளையும் பிரான்சுக்குப் போகலாம், குடும்பமே கரையேறும். அதனால் அக்காவை வரதட்சணையே வேண்டாமென்று கேட்டு வந்தார்கள். அவள் குட்டையா நெட்டையா என்றுகூட எவரும் கேட்டதில்லை. "பரீட்சை முடியட்டும்" என்று அவள் எல்லோரையும் திருப்பி அனுப்பினாள். பெரியப்பா முனகினாலும் விட்டுக்கொடுத்தார். மகள் பெரிய டாக்டர்களுக்கு நடுவே உட்காரப் போகிறாள் என்ற பெருமை அவருக்கும் இருந்தது.

எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. பெரியப்பா கூட்டிப்போனார், துணைக்கு என்னையும் அக்கா கூப்பிட்டாள். பஸ் பூவம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தபோது என் கையைப் பிடித்தாள். மாயவரத்தில் ரயிலேறினோம். பெங்களூரில் பெரியப்பா கோட்டை எடுத்து மாட்டினார், மெடல்களையும் குத்திக்கொண்டார். "இது எதுக்குப்பா?" என்று அக்கா கேட்டதற்கு, "நாம யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

அக்கா உள்ளே போனாள். நாங்கள் அலுவலக அறையில் இருந்தோம். விண்ணப்பத்தில் பிறந்த ஊரைத்தான் கேட்டிருந்தார்கள், குடியுரிமையைக் கேட்டிருக்கவில்லை. சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா தமிழ் தெரிந்தவர், பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, "காரைக்காலா? பாண்டிச்சேரி ஸ்டேட்தானே?" என்று சும்மா கேட்டார். அங்கே பெரியப்பா ஆமாம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் எந்தக் கதவையும் திறக்கும் ஒரு வார்த்தை அவரிடம் இருந்தது, அதை எடுத்து வீசினார். "நாங்க பிரெஞ்சு சிட்டிசனுங்க. பொண்ணும்தான்." அதோடும் விடவில்லை. பைக்குள்ளிருந்து இரண்டு பாஸ்போர்ட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். அவர் கெட்டவர் இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "சார், இது இந்தியக் குடிமக்களுக்கான சீட்டு. வெளிநாட்டுக்காரங்கன்னா டெல்லி வழியா வரணும்" என்றார். பெரியப்பா என் பக்கம் திரும்பி, "பாத்தியா, நமக்கு டெல்லியில பாப்பாங்களாம்" என்று காதோடு சொன்னார். மகளுக்கு ஏதோ பதவி உயர்வு கிடைத்ததுபோல் அவர் முகம் மலர்ந்திருந்தது. 

அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம், பேச்சை நிறுத்திவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாளாம், பெரிய பேராசிரியரே நன்றாகச் சொன்னாய் என்றாராம். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் மேசைமேல் இருந்த பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தாள். இரண்டையும் எடுத்துப் பைக்குள் வைத்தாள். முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க அவள் எடுத்த பயிற்சி அன்றுதான் முழுசாகப் பயன்பட்டது.

பெரியப்பாவும் அக்காவும் டெல்லிக்கு எழுதினார்கள். பாண்டிச்சேரியிலிருந்த பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கு நடையாய் நடந்தார்கள். தூதரகத்தில் இருந்தவர்களுக்கு அது விளங்கவே இல்லை: இந்தியாவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த பெண் இந்தியாவில் படிக்க அவர்கள் என்ன செய்ய முடியும்? டெல்லியிலிருந்து பதில் வருவதற்குள் பயிற்சி அவள் இல்லாமல் தொடங்கிவிட்டது. பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடியுரிமை கேட்கிறேன், எத்தனை வருடம் ஆனாலும் காத்திருக்கிறேன் என்றாள் அக்கா. அன்றைக்குத்தான் பெரியப்பா அழுததை முதல்முறை பார்த்தேன். "சைகோன்ல நான் சம்பாதிச்சது காசு இல்ல, இந்தப் பேருதான். இதுக்காக ஊரே நாயா அலையுது. நீ ஆபீஸ்ல போயி வேணாம்னு குடுத்துட்டு வர்றேங்கிறியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, "சாப்பிடுங்கப்பா. நான் எங்கயும் எழுதிக் குடுக்கல" என்றாள்.

அடுத்த தையில் கல்யாணம். மாப்பிள்ளை நாகப்பட்டினத்தில் ஃபிட்டர். அத்தான் நல்ல மனிதர், அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு பிரான்ஸ் வேண்டியிருந்தது, அக்காவுக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. பாரிசுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்கள். கடிதம் எழுத நேரமில்லை என்று கேசட்டில் பேசி அனுப்புவாள். ஒரு கேசட்டில் சொன்னாள்: இந்திய எம்.ஏ. அங்கே செல்லாது, கல்லூரி முதல் வருடத்திலிருந்து படித்துவிட்டு வரச் சொல்கிறார்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி முடியும். இன்னொன்றில், ஒரு மனநல ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். பெரியம்மா மகிழ்ந்துபோய்த் தெருவெல்லாம் சொன்னார். வார்டைக் கூட்டித் துடைக்கிற வேலை என்பது எனக்கு மட்டும் தனியாக எழுதிய கடிதத்தில் இருந்தது. "நோயாளிங்களோட பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றும் எழுதியிருந்தாள். எனக்கு இங்கே அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. என் விண்ணப்பத்தில் இந்தியர் என்று எழுதிய இடத்தைப் பற்றி நான் ஒரு நொடிகூட யோசித்ததில்லை.

பெரியப்பா படுத்த படுக்கையானபோது ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா எடுத்திருப்பாங்களா?" என்று கேட்டார். "அப்பவும் தெரிஞ்சிருக்கும் பெரியப்பா" என்றேன். தெரிந்திருக்குமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவரை அடக்கம் செய்த பிறகு பெரியம்மா மறுபடி பேச்சை நிறுத்தினார். இன்று கவுன்சிலிங் என்று எங்கு திரும்பினாலும் போர்டு தொங்குகிறது. அப்போது எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை. தஞ்சாவூரில் அந்தப் பெண்மணி எப்போதோ மாற்றலாகிப் போயிருந்தார். மாத்திரை கொடுத்தார்கள், பெரியம்மா தூங்கினார், எழுந்தார், பேசவில்லை. அடுத்த கோடையில் அக்கா லீவில் வந்தாள். வந்த மறுநாள் காலை நாற்காலியை எடுத்துப்போய் அம்மாவுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மெதுவாக ஏதோ கேட்டாள். காத்திருந்தாள். தினமும் அப்படியே உட்கார்ந்தாள். பெரியம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், சில நேரம் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொடுவார், அவ்வளவுதான். லீவு முடிகிற வாரம் அக்கா எழுந்து கிணற்றடிக்கு வந்தாள். முகம் கழுவ வந்தவள் கழுவாமல் நின்றாள்.

"என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியும்டி. கேட்டதுக்கு அப்புறம் என்ன செய்யணுங்கறதத்தான் பெங்களூர்ல ரெண்டு வருஷம் சொல்லிக் குடுப்பாங்க."

அவள் பிரான்சுக்குத் திரும்பிய பிறகும் அந்த நாற்காலி அங்கேயே கிடந்தது. அலுவலகம் விட்டு வந்ததும் நான் போய் அதில் உட்காருவேன். பெரியம்மா என்னைப் பார்ப்பார். எனக்கு என்ன கேட்பதென்றே தெரியாது.