வெண்ணெய்க் கத்தியில் ஒரு போல்ட்

விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்ட பிறகுதான் தெக்வென் பாறையில் கை வைப்பாள். காலையில் ரொட்டிக் கடையில் செய்வதையே சாயங்காலம் பாறை ஏறப் போகும் பழைய சிலேட்டுக் கல் குவாரியிலும் செய்கிறாள், அவ்வளவுதான். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தட்டுவாள். "ரொட்டி பொள்ளுனு கேட்டா வெந்தாச்சு. கல்லு பொள்ளுனு கேட்டா வீட்டுக்குப் போயிடணும்" என்பது அவள் வேதம்.

அறுபதைத் தாண்டியவள், நல்ல உயரம். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருக்கும். மேலே ஏறியதும் அதில் சிலேட்டுத் தூளும் சேர்ந்துகொள்ளும். பகலில் பஸ் ஓட்டும் நான்தான் பல வருடங்களாக அவள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறேன். பிடிப்பவனுக்கு வாய் கிடையாது என்பது அவள் கட்டளை. மழை பெய்து மலைகள் நனைந்துவிட்டால் எங்கள் தைனியோலென் ஊர்க்காரர்களோடு வெளியூர்க்காரர்களும் ஏறுவதற்குக் குவாரிக்கு வந்துவிடுவார்கள், சிலேட்டு சீக்கிரம் காய்ந்துவிடுமே! அந்தக் கூட்டத்தைவிட, மேல்தட்டில் மேய்ந்து கல்லை உருட்டிவிடும் ஆடுகள்மேல்தான் தெக்வெனுக்குக் கோபம் அதிகம். அவற்றில் தாடி வைத்த கிழட்டு ஆட்டை, செத்துப்போன தன் மாமியார் பெயர் சொல்லித் திட்டுவாள்.

குவாரியின் நீலச் சுவர் ஒன்றில் அவளுக்குச் சொந்தமாக ஒரு தடம் இருக்கிறது. இளம் வயதில் அவள்தான் அதில் முதலில் ஏறினாள். 'வெண்ணெய்க் கத்தி' என்று பெயரும் வைத்தாள். முதலில் ஏறியவர் கயிறு மாட்டப் பாறையில் எத்தனை போல்ட் அடித்தாரோ அத்தனைதான் இருக்க வேண்டும், அவர் உயிரோடு இருக்கும்வரை அவர் வாயால் சொல்லாமல் இன்னொன்று அடிக்கக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். தெக்வென் அடித்தது கொஞ்சம். நடுவில் போல்ட்டே இல்லாத ஒரு நீண்ட வெறுமை. அங்கே நகம் அளவு விளிம்பில் நின்று இடது காலை இடுப்புக்குத் தூக்க வேண்டும். வழுக்கினால் கீழே உள்ள திட்டுவரைக்கும் போய்வரலாம்.

முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் நெஸ்டாவுக்கு அந்தத் தடத்தின்மேல் தீராத ஆசை. குள்ளமான பெண், கைகளில் அசாத்திய பலம். போன கோடையில் வெறுமையில் வழுக்கி முழங்கையை உரித்துக்கொண்டு வந்தாள். அதிலிருந்து வாராவாரம் ரொட்டி வாங்கும் சாக்கில், அங்கே ஒரே ஒரு போல்ட் அடிக்க அனுமதி கேட்பாள். தெக்வென் ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே, "ஆணி அடிச்சுக்கிட்டே போனா அதுக்குப் பேரு ஏணிடி" என்பாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச அந்தக் கிழட்டு ஆட்டால்கூட முடியாது.

போன குளிர்காலத்தில் அவளுக்கு இடது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். "படி ஏறலாம்னு டாக்டர் சொன்னாரு. எவ்வளவு உயரப் படின்னு சொல்லலை" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். கோடை முடிவதற்குள் வெண்ணெய்க் கத்தியில் ஏறிக் காட்டுவேன் என்றும் சொல்லிவைத்தாள். அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. ஏறாவிட்டால் தனக்கு இனி குவாரியில் வேலையில்லை என்று அவள் தீர்மானித்திருந்தது எனக்குத் தெரியும்.

போன மாதம் ஏறினாள். வெறுமைவரை அழகாகத்தான் போனாள். அங்கே இடது காலைத் தூக்கினாள், வரவில்லை. மறுபடி தூக்கினாள். கயிற்றில் அவள் நடுக்கம் என் கைக்கு வந்தது. இத்தனை வருடத்தில் அவள் நடுங்கி நான் பார்த்ததில்லை. கடைசியில் பிடிக்குப் பிடி கீழே இறங்கி வந்து, ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ குடித்தாள். மேலேயிருந்து கயிறு தொங்கவிட்டால் பயமில்லாமல் ஏறலாமே என்று கட்டளையை மீறிச் சொல்லிப் பார்த்தேன். ஊஞ்சல் ஆடுகிற வயசு தாண்டிவிட்டதாம்.

அடுத்த வாரம் நெஸ்டா ரொட்டி வாங்க வந்தபோது நானும் கடையில் இருந்தேன். அன்று அவள் எதுவும் கேட்கவில்லை. சேதி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கேட்டால் குத்திக்காட்டுவதாகிவிடும் என்று நினைத்திருப்பாள். தெக்வென்தான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் நின்றாள்.

"உன்கிட்ட டிரில் மெஷின் இருக்கா?"

"இருக்குக்கா."

"ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா. எனக்குப் பயமா இருக்கு. உனக்கு மட்டும்தான் பயம்னு இவ்வளவு நாள் நெனச்சிருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை தெக்வென் மேலேயிருந்து கயிற்றில் இறங்கி, வெறுமைக்குப் பக்கத்தில் தொங்கினாள். நகம் அளவு விளிம்புக்கு நேராகக் கையை முழுசாக நீட்டி, எட்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். சரியான இடம். அங்கே கயிற்றை மாட்டிக்கொண்டால் அந்தப் பாழாய்ப்போன இடது கால் வழுக்கினாலும் மயிரிழைகூட விழமாட்டாள். டிரில்லை எடுக்கப் போனவள், கீழே பார்த்து நெஸ்டாவை மேலே வரச் சொன்னாள்.

இன்னொரு கயிற்றில் நெஸ்டா ஏறி வந்து அந்த விளிம்பில் நின்றாள்.

"கையை நீட்டுடி."

நீட்டினாள். நுனிக்காலில் நின்றும், குறிக்கு ஒரு முழம் கீழேயே விரல் நின்றுவிட்டது. போல்ட்டை நெஸ்டாவுக்கு எட்டும் அந்த இடத்தில் அடித்தால் தெக்வென் அதைத் தாண்டித்தான் காலைத் தூக்க வேண்டும். வழுக்கினால் கொஞ்ச தூரம் விழத்தான் வேண்டும். கீழே நின்ற எனக்கே அது தெரிந்தது. "பரவாயில்லக்கா, நான் எம்பிப் பிடிச்சுக்கறேன்" என்றாள் நெஸ்டா.

தெக்வென் நெஸ்டாவின் விரல் நுனி பட்ட இடத்தில் முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். பிறகு கையை உயர்த்தி, மேலே தான் போட்ட குறியை மாவு ஒட்டிய சட்டைக் கையால் அழித்தாள்.