சாட்சிக்குப் படித்துக் காட்டிய மாணவி

தாம்பரத்தில் நான் அரசு வழக்கறிஞராக இருந்த கடைசி வருடம் அது. சாட்சி கூண்டில் ஏறுமுன், போலீசில் அவர் சொன்னதாக உள்ள வாக்குமூலத்தை ஒருமுறை படித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். அன்று அந்த வேலையைப் பயிற்சிக்கு வந்திருந்த சட்டக் கல்லூரி மாணவியிடம் கொடுத்தேன். வண்டலூரில் நடந்த செயின் பறிப்பு வழக்கு. சாட்சி, அந்த இடத்தில் கடை போடும் ஒரு பூக்காரம்மா.

மாணவி ஓடி வந்தாள். "சார், அவங்க திருடன் மூஞ்சிய பாக்கவே இல்லியாம். மாத்திச் சொன்னா போலீஸ் அங்க கடை போட விடாதாம் சார்."

"உனக்கு சர்டிபிகேட் வேணுமா, வேணாமா? எழுதியிருக்கறத படிச்சுக் காட்டும்மா, போதும்."

படித்துக் காட்டினாள். கூண்டில் பூக்காரம்மா என்னைப் பார்த்தார். பிறகு எதிரே குற்றம் சாட்டப்பட்டு நின்ற இளைஞனை நோக்கிக் கையை நீட்டினார்.

"யக்கா, நல்லா பாத்து சொல்லுக்கா! நான் அங்க வரவே இல்லக்கா!" என்று அவன் கத்தினான்.

நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வழக்கு தோற்றுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அவனுக்குத் தண்டனை ஆனது.

கடைசி நாளில் சர்டிபிகேட்டை நீட்டினேன். "நல்லா கத்துக்கிட்டேன்னு போட்டிருக்கீங்களே சார்," என்றாள் மாணவி. பிறகு வாங்கிக்கொண்டாள்.

அன்று அந்த மூன்று பேருக்கும் வேறு வழி இருக்கவில்லை. எனக்கு இருந்தது.