பிடித்தது தெரிந்தது, விட்டது தெரியவில்லை

எட்டாவது வரை படித்தவள் நான். எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் பேச வராததால்தான் எழுதுகிறேன்.

டெல்லி மோதி பாக்கில் ஒரு தமிழ் அதிகாரி வீட்டில் சமைக்கிறேன். அவர்கள் கார் ஓட்ட ஆள் தேடியபோது, கூச்சத்தை விட்டு என் மகன் குமாரைப் பற்றிச் சொன்னேன்.

"அச்சா! நம்ம ஊர்ப் பையன்னா நல்லதுதான். வரச் சொல்லுங்க" என்றார் மேடம்.

அவன் வர வேண்டிய காலையில் மேடம் தன் போனை என்னிடம் நீட்டினார். போலீஸ் இணையதளத்தில் இருந்த பழைய எஃப்.ஐ.ஆர். தண்ணீர் லாரி வரிசையில் நடந்த அடிதடி. அதில் குமார் பெயரும், தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் கணவர் பெயரும் இருந்தன.

"இதை யார் வேணும்னாலும் பாக்கலாமாம். நீங்க சொல்லவே இல்லையே அக்கா?"

அந்த அடிதடி நடந்த அன்று என் குடத்தைக் கொடுத்து அவனை வரிசைக்கு அனுப்பியது நான்தான். சண்டை போட்டவர்களோடு சும்மா நின்றவர்களையும் பிடித்துப் போனார்கள்.

"கோர்ட்டே அவன் மேல தப்பில்லன்னு விட்டுடுச்சு மேடம்."

"இதுல அப்படி ஒண்ணும் வரலையே."

"அது கோர்ட்டு வெப்சைட்ல தனியா தேடணுமாம். வக்கீல் சொன்னாரு."

"பாக்கறேன்" என்று போனைக் கவிழ்த்து வைத்தார். என் மகனைப் பிடித்ததைத் தேட அவருக்கு நேரம் இருந்தது. விட்டதைத் தேட இல்லை.

மறுநாள் வேறொருவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சேர்த்து டீ போடச் சொன்னார்கள். போட்டேன்.