ஐஎஸ்ஓ நூறில் ஒரு மயில்

கள்ளக்குறிச்சியில் எங்கள் மரச்சிற்பப் பட்டறையில் உளி பிடிக்கும் ஒரே பெண் நான். முதல்முறையாக ஒரு மயிலை முழுக்க என் கையாலேயே வாகைப் பலகையில் செதுக்கி, படமெடுத்து, சேலத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். "கைவேலைன்னு பொய் சொல்லாதம்மா. வழவழன்னு இருக்குது, மெஷின்ல வெட்டுனது" என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறகில் ஓர் உளித்தடம்கூட இல்லை. மழைக்காலம், பட்டறைக்குள் வெளிச்சம் கம்மி என்று அண்ணன் கேமராவின் ஐஎஸ்ஓ எண்ணைக் கண்டபடி ஏற்றி வைத்திருந்தான். அந்த எண் ஏற ஏறக் கொஞ்ச வெளிச்சமே கேமராவுக்குப் போதும். ஆனால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். அந்தப் புள்ளிகளைக் கேமராவே துடைக்கும். துடைக்கிற சாக்கில் என் உழைப்பையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தது.

எண்ணை நூறுக்கு இறக்கினேன். அதற்கு ஷட்டர் இரண்டு விநாடியாவது திறந்திருக்க வேண்டும். கேமராவை ஸ்டாண்டில் மாட்டித்தான் எடுத்தேன், இருந்தும் மயில் கலங்கலாக விழுந்தது. மறுபடியும் எடுத்தேன், அதே கதை. எங்கள் பட்டறையில் எல்லாரும் ஒரே நீளக் கட்டையின் மேல் மரத்தை வைத்துத்தான் செதுக்குவோம். ஜன்னல் வெளிச்சத்துக்காக மயிலையும் அதிலேயே சாய்த்திருந்தேன். உளியின் தலையில் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல் விழும் ஒவ்வொரு அடிக்கும் அது நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த அதிர்விலேயே வளர்ந்த எனக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை.

"எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன்.

அண்ணன் முறைத்தான். "உன் ஒரு படத்துக்குப் பட்டறையே நிக்கணுமா? ஐஎஸ்ஓவ ஏத்திக்கினு வேலையப் பாரு. இன்னாத்துக்கு இந்த வீம்பு?"

"ஏத்த மாட்டேன். நீ நிறுத்தாம நானும் இங்கருந்து நவுர மாட்டேன்."

நின்றேன். கைகட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் முணுமுணுத்தபடி அவனே கொட்டாப்புளியைக் கீழே போட்டான். மற்றவர்களும் நிறுத்தினார்கள். ஷட்டரை அழுத்தினேன்.

இறகுக்கு இறகு வெட்டு தெரிந்தது. கழுத்தில் உளி சறுக்கிய இடமும் தெரிந்தது. "அத்த மட்டும் மறைச்சுடேன்" என்றான் அண்ணன். மறைக்காமல் அப்படியே அனுப்பினேன்.

சற்று நேரத்தில் கடைக்காரரே போன் செய்தார். "கைவேலைதான், ஒத்துக்கறேன். விலை பேசணும், செஞ்ச ஆளுகிட்ட போனைக் குடும்மா."

அண்ணன் கை நீட்டினான். நான் போனைக் கொடுக்கவில்லை.

"செஞ்ச ஆளுதாங்க பேசிக்கினு இருக்கேன். வெலய நான் சொல்றேன், கேட்டுக்குங்க."