பீர் ஆலை வரியை எடுக்கச் சொன்னார்கள்

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. திதிக்கு வரும் சொந்தங்களுக்குக் கொடுக்கும் இந்த மலருக்காக நாலு வரி எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிப்பதற்குள் சண்டை.

பெரியப்பா கிள்ளானில் பிறந்தார். எங்கள் அப்பாவுக்கு ரயில்வேயில் கூலி வேலை. பெரியப்பா நன்றாகப் படித்து, பீர் ஆலையில் சேர்ந்து, காய்ச்சும் பகுதிக்கே மேலாளர் ஆனார். பிறகு பல்கலைக்கழகத்தில் நொதித்தல் பாடத்துக்கு விரிவுரையாளர். இதைத்தான் எழுதினேன். என் அக்கா, அதாவது உங்கள் அத்தை, படித்துவிட்டு, "பீர் ஆலைய எடுத்துடு தம்பி. கவிதாவுக்கு மாப்பிள்ளை பாக்குறோம். இது நாலு வீட்டுக்குப் போகும்" என்றார். கவிதா பெரியப்பாவின் ஒரே மகள்.

அத்தை மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் பெரியப்பா மேல்தான். அவர் படுத்திய பாடு அப்படி. பெண் பார்க்கப் போகும்போது, "சாப்பாட்டுக் கம்பெனினு மட்டும் சொல்லுண்ணே" என்று கெஞ்சிக் கூட்டிப் போவேன். அவரோ பெண்ணின் அப்பாவிடம், "பீர் காய்ச்சுறேன் அங்கிள். எப்படின்னு சொல்லட்டா?" என்பார். காப்பி வருவதற்குள் எழுந்து வந்துவிடுவோம். பெரியம்மா ஒருவர்தான், "வீட்லயும் குடிப்பீங்களா?" என்று நேராகக் கேட்டார். "வேலையில ருசி பாத்தாகணும். வீட்ல தொடமாட்டேன்" என்றார். கடைசிவரை தொடவில்லை.

வெளியே சாப்பிடப் போனாலும் நிம்மதி கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் டம்ளரை மோந்து பார்த்து, "பாஸ், சோப்பு வாடை போகல லா" என்று திருப்பி அனுப்புவார். நாங்கள் பசியோடு உட்கார்ந்திருப்போம். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கும்போதும் தண்ணீர் கொடுத்த தாதியிடம் அதையேதான் சொன்னார்.

நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுப் பாடம் நடத்தப் போனபோது, "ஏண்ணே?" என்று கேட்டேன். "இட்லி மாவு ஏன் பொங்குதுன்னு பசங்களுக்குத் தெரியல டா" என்றார். இதெல்லாம் ஒரு காரணமா? ஆனால் அவருடைய காரியத்துக்கு மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேர் வந்து, உள்ளே இடமில்லாமல் வெயிலில் நின்றார்கள்.

சண்டை வேண்டாமென்று அந்த வரியை அடித்துவிட்டுக் கவிதாவிடம் காட்டினேன். அவள் பேனாவை வாங்கித் திரும்ப எழுதினாள். "இதப் படிச்சிட்டு வராதவங்க வராமலே இருக்கட்டும் சித்தப்பா." அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

பெரியப்பாவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த பூச்சோங் அண்டை வீட்டாருக்கும், வெயிலில் நின்ற மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெண் கேட்டு வர நினைப்பவர்கள் தாராளமாக வரலாம். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கவிதாவிடமே கேளுங்கள். ஆனால் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.